அது பாலுண்ணிதான்

குடும்பத்தில் எல்லோரும் தம்பியை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்வது அவனுடைய வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். தலைக்கு மேல் ஏசி ஓடும். சொந்தக்காரர்களுக்கு இவ்வளவு போதும். அவன் படித்தது வணிகவியல் என்பதை ஒரே மனதாக மறந்துவிட்டார்கள். யாருக்காவது முட்டி வலித்தால் அவனுக்குப் போன் வந்தது. குழந்தைக்கு வயிற்றால் போனால் அதன் படமே வந்தது, பெரும்பாலும் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. ஆரம்பத்தில் "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றுதான் சொல்லிப் பார்த்தான். எவ்வளவு அடக்கம் பார் என்றார்கள். கொஞ்ச நாளில் அவனும் அடக்கத்தை விட்டுவிட்டான்.

அவனை டாக்டர் என்று வாய் நிறையக் கூப்பிட்டவர் மாமா, அதாவது அக்காவின் கணவர். அதில் பாதி கிண்டல், பாதி பிரியம். மாமா கார் மெக்கானிக். தகரக் கூரை போட்ட சொந்தப் பட்டறை. சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டாரென்றால் வெளியே செருப்பு மட்டும்தான் தெரியும். சாப்பாடு கொண்டுவரும் அக்கா செருப்போடுதான் பேசுவாள். செருப்பும் "வெச்சுட்டுப் போ" என்று பதில் சொல்லும்.

பட்டறையில் ஒரு தெருநாய் இருந்தது. பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது, வேலை நடக்கும் இடத்தை விட்டும் போகாது. வெயில் ஏறியதும் மாமாவின் பலகையில் போய்ச் சுருண்டுகொள்ளும். மாமா அதை எழுப்பி அனுப்பிவிட்டு, ஆறாத அந்தச் சூட்டிலேயே தான் படுத்துக்கொள்வார். மேனேஜர் எந்நேரமும் காதைச் சொறிந்துகொண்டே இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நிர்வாகக் கவலை என்று மாமா அதற்கு விளக்கம் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா குளித்துவிட்டுத் துண்டோடு கூடத்துக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டினார். அக்குளுக்குச் சற்றுப் பின்னால், முதுகு தொடங்கும் இடத்தில், பயறு அளவில் சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்பத்துல இருந்து இருக்கு இது?" என்றாள் அக்கா.

"முதுகுல எனக்குக் கண்ணா இருக்கு? நேத்து பனியன் கழட்டும்போது கையில தட்டுப்பட்டுச்சு."

அக்கா கிட்டே வந்து பார்த்தாள். "உண்ணி மாதிரி இருக்கே. நம்ம மேனேஜர் காதுல பாத்திருக்கேன், இப்படியேதான் இருக்கும்."

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வீட்டில் டாக்டர் இருக்கும்போது எப்படி விடுவது? "டேய் டாக்டரு, எழுந்து வந்து இதைப் பாருடா" என்று கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்திருந்த தம்பி எழுந்து வந்தான். போன் விளக்கை அடித்து, குனிந்து, "ம்ம்" என்றான். பல் மருத்துவமனையில் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த "ம்ம்" ஒன்றுதான்.

"உண்ணி இல்லக்கா. பாலுண்ணி."

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

"பேருதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. உண்ணிங்கிறது நாய்க்கும் மாட்டுக்கும் வர்ற பூச்சி. மனுஷனுக்கு வர்றது பாலுண்ணி. மரு மாதிரி அது, வெறும் தோலு. கழுத்து, அக்குள்னு உரசுற இடத்துல வரும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மாமா அக்காவிடம். "நான் மனுஷன்தான்னு டாக்டரே சர்டிபிகேட் குடுத்துட்டாரு. இனிமே நீ வேற மாதிரி பேசக் கூடாது."

அக்கா சிரித்தாள். ஆனாலும் விடவில்லை. "போன வாரம் இல்லாத மரு இந்த வாரம் எப்படிடா இவ்ளோ பெருசா வரும்?"

நல்ல கேள்வி. அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே மருத்துவக் கேள்வி அதுதான். தம்பி அதற்கு "ஹார்மோன்" என்றான்.

பாலுண்ணிக்கு அடியில் நூல் கட்டி இறுக்கினால் வாடி விழுந்துவிடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தான். அக்காவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூல் வந்தது. நூல் வழுக்கியது. அடுத்து, தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தச் சூட்டோடு அதன் மேல் வைத்தான். மாமா துள்ளினார். பாலுண்ணியும் கொஞ்சம் நெளிந்த மாதிரி இருந்தது. மாமா துள்ளியதால்தான் அப்படித் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டு, இரண்டு நகத்துக்கும் நடுவே அதைப் பிடித்து, நசுக்கி, திருகி, இழுத்தான். வந்துவிட்டது. பின்னாலேயே கொஞ்சம் ரத்தமும் வந்தது.

அவன் வேலை பார்க்கும் இடத்தில் நுனி மெலிந்த இடுக்கிகள் தட்டுத் தட்டாக, ஆவியில் வெந்து, உறைக்குள் படுத்திருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவை கிணுகிணுக்கும் சத்தத்தில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். ஒன்றைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். எதற்கு என்றும் கேட்டிருப்பார்கள். பின்னால் அவன் அதிகம் நினைத்துப் பார்த்தது இந்த இரண்டாவதைத்தான்.

எடுத்ததைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு கை கழுவப் போனான். குழாயடியில் ஒரு ஆசையில் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். பாலுண்ணிக்குக் கால் கிடையாது. இதற்கு இருந்தது. நசுங்கிய உடம்பின் ஓரத்தில் அதில் ஒன்று, யாரையோ கூப்பிடுவதுபோல மெதுவாக மடங்கி நிமிர்ந்தது.

"என்ன டாக்டர், ஆபரேஷன் சக்சஸா?" கூடத்திலிருந்து மாமா கேட்டார்.

தம்பி குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். காகிதமும் காலும் சுழன்று போயின.

"சக்சஸ் மாமா."

கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி மட்டும் மிச்சம் இருந்தது. அக்கா அதைக் காட்டிக் கேட்டாள். "வேரு. தானா விழுந்துடும்" என்றான். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவனுக்குத்தான் முதல் கப்.

திரும்பும் வழியில், பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினான். உண்ணியைச் சுடக் கூடாது, திருகக் கூடாது, நசுக்கக் கூடாது என்று இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே எழுதியதுபோல் இருந்தது. கடித்த சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சல், தலைவலி, தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. எல்லா உண்ணிக் கடியும் நோயில் முடிவதில்லை என்று நடுவில் ஒரு வரி. தம்பிக்கு அந்த வரி மிகவும் பிடித்துப்போனது. அதற்குக் கீழே படிக்காமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். "அக்கா, நீ சொன்னதுதான் சரி" என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அவர்கள் குடும்பத்தில் அந்த வாக்கியத்தை அதுவரை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. அதைத் தொடங்கி வைக்கிற ஆளாக இருக்க அவனுக்கு விருப்பமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளையும் "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று உட்காரவைத்தான்.

நாளைக்கு முந்திக்கொண்டு அக்காவின் போன் வந்துவிட்டது.

"மாமாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்டா. தலை பிளக்குதுங்கிறாரு. பட்டறைக்கே போகல."

தம்பி முன்மேசையில் இருந்தான். எதிரே ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க பாத்தாலும் வைரல்தான்க்கா ஓடுது. பாராசிட்டமால் குடு. தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லு."

"வேற ஒண்ணும் இருக்காதே?"

"வேற என்ன இருக்கப் போகுது."

"நீ சொன்னா சரி" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். அதற்கு முன்னும் எத்தனையோ முறை அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது அவனுக்கு முழுசாகக் காதில் விழுந்தது.

மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தபோது அக்கா அவனைக் கேட்கவில்லை. மாமாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு அங்கிருந்து சொன்னாள். அவன் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினான்.

வார்டில் வரிசையாகக் கட்டில்கள். மாமா ஜன்னலோரம் படுத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவனைப் பார்த்ததும், "வா மாப்ள. இங்க வேற டாக்டரை வெச்சிருக்காங்க. உன்னைக் கேக்காம பண்ணிட்டாங்க" என்றார். அதற்கே மூச்சு வாங்கியது.

கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண் மருத்துவர் வந்தார். குரலில் காலையிலிருந்து நின்ற களைப்பு இருந்தது.

"வெளியூர் எங்கயாவது போனாரா? காடு, தோட்டம், அந்த மாதிரி?"

"பட்டறை விட்டா வீடு மேடம்" என்றாள் அக்கா.

"பூச்சி ஏதாவது கடிச்சுதா? ஒட்டிக்கிட்டு இருந்த மாதிரி?"

"இல்ல மேடம். பூச்சி எதுவும் கடிக்கல." அக்கா கொஞ்சம் யோசித்து, எதையும் மறைக்கக் கூடாது என்ற நேர்மையில் சேர்த்துச் சொன்னாள். "கை இடுக்குல ஒரு பாலுண்ணி இருந்துச்சு. அதைத் தம்பிதான் எடுத்துவிட்டான்."

மருத்துவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீங்க டாக்டரா?"

"இல்ல மேடம். பல் ஆஸ்பத்திரியில இருக்கேன்."

"டென்டிஸ்டா?"

"ரிசப்ஷன்."

மருத்துவர் கண்ணாடியை இறக்கி அவனை ஒருமுறை பார்த்தார். "அக்குள்ல பல்லு முளைச்சிருந்துச்சா?"

மாமா காய்ச்சலிலும் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். மருத்துவர் மாமாவின் கையைத் தூக்கி அந்த இடத்தைப் பார்த்தார். கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"சுட்டீங்களா?"

"ஆமா மேடம்."

"சூட்டுப் புண்ணு. இனிமே இந்த வேலையெல்லாம் வெச்சுக்காதீங்க."

உண்ணி கடித்த இடம் கறுத்துப் பொருக்கானால் அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களாம். தீக்குச்சி வைத்ததில் எது கடித்த தடம், எது சுட்ட தடம் என்று தெரியாமல் போயிற்று. இது அவனுக்கு அப்போது தெரியாது. ஆனால் சொல்ல வேண்டியது தெரியும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அக்கா பக்கத்தில் நின்றாள், மாமா பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்திருக்கிறார்களே, அதில் தெரிந்துவிடும் என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ரத்தத்தில் தேடியது எதுவும் கிடைக்கவில்லை. தேடாததைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாளும் அவன் சொல்லவில்லை. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. அதையே பிடித்துக்கொண்டு தொங்கினான். அதற்கும் அடுத்த நாள் காலையில் வார்டுக்குள் நுழைந்தபோது மாமா எழுந்து உட்கார முயன்றுகொண்டிருந்தார். அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"வாங்க சார். உங்க வண்டி ரெடி. பிரேக்குதான் கொஞ்சம் பாக்கணும். சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க."

கிண்டல் என்று நினைத்துச் சிரிக்கப் போனான். மாமா சிரிக்கவில்லை. அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

தம்பி தாழ்வாரத்தில் ஓடினான். மருத்துவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே போய் நின்றான்.

"மேடம், அது பாலுண்ணி இல்ல. உண்ணி."

"எது?"

"அக்குள்ல இருந்தது. எடுத்ததும் நான் பாத்தேன். கால் இருந்துச்சு. அசைஞ்சுது."

"எப்ப பாத்தீங்க?"

"அன்னிக்கே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவனைத் தாண்டிப் போய் நர்ஸைக் கூப்பிட்டு ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே தொடங்குங்கள் என்றார். பிறகுதான் திரும்பி வந்து, எப்படி எடுத்தான் என்று கேட்டார். நூல், தீக்குச்சி, நகம் என்று அவன் வரிசையாகச் சொன்னான்.

"சின்ன இடுக்கியால தோலை ஒட்டிப் பிடிச்சு, திருகாம, நேரா மெதுவா இழுக்கணும். சோப்பு போட்டுக் கழுவணும். மொத்தமே அவ்வளவுதான் வேலை." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்தது தப்பா இருந்தாலும் பரவாயில்ல. சொல்லியிருந்தா வந்த அன்னிக்கே இந்த மருந்தை ஆரம்பிச்சிருப்பேன்."

"அன்னிக்கே ஆரம்பிச்சிருந்தா?"

"அதை இப்ப என்கிட்ட கேக்காதீங்க."

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. மாமா தம்பியைத் தம்பி என்றும், பிரேக் பார்க்க வேண்டிய வண்டிக்காரரை வண்டிக்காரர் என்றும் பிரித்துச் சொல்லத் தொடங்கினார். ஆனால் இடது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்றார். பஞ்சு எதுவும் இல்லை. இந்த மாதிரிக் காய்ச்சல் முற்றும்போது சிலருக்குக் காது போவதுண்டு, மெதுவாகத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் அக்காவிடம், "உங்க தம்பி உண்ணின்னு வந்து சொன்னதாலதான் மருந்தை மாத்த முடிஞ்சுது" என்றார். அவனுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதை அவர் சொல்லவில்லை. அக்கா அதை அவளுக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டாள். எல்லா டாக்டரும் திணறிக்கொண்டிருந்தபோது தம்பி உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டாள். ஒரு சித்தப்பா அவன் காலைத் தொடாத குறையாகப் பேசினார். படங்கள் முன்னைவிட அதிகமாக வந்தன. இப்போது தெளிவாகவும் எடுத்து அனுப்பினார்கள்.

மாமா பட்டறைக்குப் போனார். மேனேஜருக்குக் கால்நடை மருத்துவமனையில் உண்ணி மருந்து போட்டு, படுக்கத் தனியாக ஒரு சாக்கும் கொடுத்தாயிற்று. முன்பெல்லாம் தெருமுனையில் வண்டி திரும்பும்போதே பட்டறைக்குள் இருந்தபடி அதன் கோளாறைச் சொல்வார். இப்போது கிட்டே போய் இன்ஜின் மூடியைத் திறந்து, தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தார். அப்படியும் சில வண்டிகள் மறுபடி வந்தன.

"பரவாயில்ல மாப்ள" என்றார் ஒருநாள். "உங்க அக்கா பேசும்போது இந்தக் காதை அவ பக்கம் குடுத்து உட்காந்துக்குறேன். கல்யாணம் ஆன ஆம்பளைக்கு இப்படி ஒரு வசதியை யார் செஞ்சு குடுப்பாங்க?"

தம்பி சிரித்தான். சிரித்து முடித்ததும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மழை பிடிக்கும் முன் ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனான். மாமா பட்டறையில் இருந்தார். அக்கா காய்ந்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். மாமாவின் சட்டைகளை மட்டும் உள்பக்கம் திருப்பி, தையலோரமாக விரலை ஓட்டிப் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான். டீ வேணுமா என்றாள். வேண்டாம் என்றான்.

"எனக்கு ஒண்ணு மனசுலயே இருக்குடா" என்றாள் திடீரென்று. "யார்கிட்டயும் சொல்லல. அந்த டாக்டரம்மா பூச்சி கடிச்சுதான்னு கேட்டாங்கல்ல. நான்தானே இல்லன்னு சொன்னேன்."

"அக்கா..."

"என் கண்ணுக்கு முதல்ல உண்ணின்னுதான் பட்டுச்சு. அதை அங்க சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? ஒரு வார்த்தை. வாய்க்கு என்ன வந்துச்சு எனக்கு? அவரு தலையைச் சாய்ச்சு 'என்ன, என்ன'ன்னு கேக்குறப்பல்லாம் அதுதான் ஞாபகம் வருது. படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது." ஒரு சட்டையை உதறினாள். "நீயாவது கண்டுபிடிச்ச. நான் கூடவே இருந்து கெடுத்துட்டேன்."

சும்மா இருந்திருக்கலாம். "உன் தப்பு இல்லக்கா" என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு டீ கேட்டிருக்கலாம். அதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"உண்ணின்னு. எடுத்தவுடனே குழாய்கிட்ட வெச்சுப் பாத்தேன். கால் இருந்துச்சு. அப்படியே தண்ணியில விட்டுட்டேன்."

அக்காவின் கை சட்டைக் காலரிலேயே நின்றது.

"அந்த டாக்டரம்மா கேக்கும்போது நீ எங்க இருந்த?"

"கட்டில் பக்கத்துல."

"நான் இல்லன்னு சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

காரணம் கேட்பாள் என்று பார்த்தான். வெட்கம், பயம், ரத்தத்தில் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை என்று சொல்வதற்குச் சிலது இருந்தன. அவள் கேட்கவில்லை. நாயே, பேயே என்று நாலு வார்த்தை விழும் என்று காத்திருந்தான். சின்ன வயதில் அவளுடைய சீப்பை அவன் உடைத்ததற்கே அவ்வளவு விழுந்திருக்கிறது. அதுவும் வரவில்லை. அக்கா அந்தச் சட்டையைக் கை பிசகாமல் மடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்தாள். அவளுடைய தோள் மட்டும் எதையோ இறக்கி வைத்த மாதிரியும், அதைவிடக் கனமான ஒன்றை ஏற்றிக்கொண்ட மாதிரியும் இருந்தது.

"மாமாகிட்ட நானே சொல்லிடறேன்க்கா."

"வேணாம்." அவள் நிமிரவில்லை. "அவருக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். அதையும் கெடுத்துடாதீங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, பஸ் இருக்கும்போதே கிளம்புங்க."

அக்கா யாரிடம் பேசுகிறாள் என்று தம்பி திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.